இரண்டு விநாடிக்காரர்

“மூன்றாம் மாடி, வயர்லெஸ். பதில் வந்திருக்கிறது. தாமதமாக வந்திருக்கிறது. கேட்டது காத்திருக்கவில்லை. காத்திருக்கும் நேரத்தைக் கூட்டியிருக்கிறேன். புகார் முடிந்தது.”

செம்பூரில் நான் வேலை பார்த்த அலுவலகத்தின் புகார்ப் பதிவில், ஆகஸ்ட் ஆறு, செவ்வாய்க்கிழமை என்ற தேதியில் இந்தக் குறிப்பு இருக்கிறது. மூலம் ஆங்கிலம், தமிழ் என்னுடையது. அன்று ஆடி இருபத்தொன்று. ஆங்கிலத் தேதிக்குப் பக்கத்தில் தமிழ்த் தேதியையும் குறித்து வைப்பது என் பழக்கம். நாற்பது வருஷமாக யாருக்கும் உபயோகப்படாத பழக்கம் அது. இந்த மனிதரைப் பற்றி எழுத உட்காரும்போதுதான் உபயோகப்படுகிறது. ஏனென்றால் நடந்ததில் முக்கால்வாசி ஒரே ஆடிக்குள் நடந்துவிட்டது.

குறிப்பை எழுதியவர் எங்கள் அலுவலகத்தின் நெட்வொர்க்கைப் பார்த்துக்கொண்டவர். பெயரை விட்டுவிடுகிறேன். பிறந்தது வளர்ந்தது தாராவி. பெற்றோர் திருநெல்வேலிப் பக்கம். சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் ஸ்க்ரூடிரைவர் இருக்கும். நாற்காலி இருந்தாலும் நின்றுகொண்டுதான் பேசுவார். நின்றுகொண்டிருக்கும்போது இடது குதிகால் தரையைத் தட்டிக்கொண்டே இருக்கும். அந்தத் தட்டல் எப்போது நிற்கும் என்றால், எதிரே இருப்பவர் ஆமாம் என்றோ இல்லை என்றோ சொன்ன பிறகு.

“ஆமாவா, இல்லையா? ஏதோ ஒண்ணு சொல்லிருங்க.” இதை அவர் சொல்லாத நாளில்லை.

எந்தப் பதில் என்பதில் அவருக்குப் பெரிய அக்கறை கிடையாது. இதைப் புரிந்துகொள்ள எனக்குக் கொஞ்ச காலம் ஆயிற்று. சாயங்காலம் செம்பூரில் ஏறி குர்லாவில் வண்டி மாறுவோம். அவர் சயானில் இறங்குவார், நான் மாட்டுங்காவில். ஒரு நாள் மூன்று பேர் உட்கார்ந்திருந்த பெஞ்சின் முன்னால் போய் நின்றார். நான்காவது ஆளாக ஒட்டிக்கொள்ள இடம் கேட்பது பம்பாய் ரயிலில் எல்லோரும் செய்வதுதான். ஓரத்தில் இருந்தவர் மொபைலை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

“பாயி சாப், சர்கோகே? ஹா யா நா?”

அந்த ஆள் அசையவில்லை.

“போல் தோ தோ, பாயி. நா போலோகே தோ பி சலேகா.” இல்லை என்று சொன்னாலும் போதுமாம்.

“நஹி சர்கேகா!” நகர மாட்டேன் என்று கத்தினார் அந்த ஆள்.

“பஸ். தேங்க்யூ” என்று சொல்லிவிட்டு, முகமெல்லாம் திருப்தியாக என் பக்கத்தில் வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டார். பின்னாலிருந்து ஒருவர், “அரே அண்ணா, தேங்க்யூ கிஸ் பாத் கா?” என்று, எதற்கு நன்றி என்பதுபோல் சிரித்தார். இவரும் சிரித்தார். எனக்கு மட்டும் சிரிப்பு முழுதாக வரவில்லை. இடம் கிடைக்காத ஒருவர் இவ்வளவு சந்தோஷப்படுவதில் ஏதோ சரியில்லை என்று பட்டது.

அவருடைய தொழிலும் இந்தக் குணத்துக்கு ஏற்றதாக வாய்த்திருந்தது. அலுவலகத்தின் ஒவ்வொரு மாடியிலும் கூரையில் வெள்ளை வட்டுகள் இருக்கும். நம் மொபைலும் லேப்டாப்பும் அவற்றோடுதான் பேசுகின்றன. ஆனால் நம்மை உள்ளே விடலாமா என்று தீர்மானிக்கிற அதிகாரம் அந்த வட்டுக்குக் கிடையாது. தரைத்தளத்தில் ஒரு சிறிய அறையில் ரேடியஸ் சர்வர் என்று ஒன்று உண்டு. வட்டு அதைக் கேட்கும். அது புனேயில் தலைமை அலுவலகத்திலிருக்கும் ஊழியர் பட்டியலைக் கேட்கும். அங்கிருந்து வரும் பதிலை வைத்து ‘விடு’ என்றோ ‘விடாதே’ என்றோ வட்டுக்குச் சொல்லும். இவ்வளவும் கண் இமைப்பதற்குள் நடக்கிறது. இதை அவர் எனக்குத் தேநீர் கிளாஸ்களை மேஜையில் வரிசையாக வைத்து விளக்கினார்.

வயர்லெஸ் வரவில்லை என்று யார் கூப்பிட்டாலும் அவர் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான். “தப்புன்னு சொல்லுதா, இல்ல சுத்திக்கிட்டே இருக்கா?”

தப்பு என்று சொன்னால் அவருக்குக் கொண்டாட்டம். எங்கள் மேலாளர் ஒரு முறை போனைத் தூக்கிக்கொண்டு வந்தார். அவர் மதுரைக்காரர், தமிழில்தான் திட்டுவார்.

“என்னய்யா உன் வைஃபை? பாஸ்வேர்டு போட்டா வேணாங்குது!”

“சந்தோஷப்படுங்க ஸார். வேண்டாம்னு சொல்லுதுல்லா? அப்போ உங்க கேள்வி போய்ச் சேர்ந்திருக்கு, அங்க ஆள் இருக்கு, உங்களைப் பார்த்திருக்கு, பார்த்துட்டுத்தான் வேண்டாம்னு சொல்லியிருக்கு.”

“நான் மேனேஜர்யா!”

“அது சர்வருக்குத் தெரியாதுல்லா. நேத்து கம்ப்யூட்டர்ல பாஸ்வேர்டு மாத்துனீங்களா? ஆமாவா, இல்லையா?”

“...ஆமா.”

“போன்ல பழசே கெடக்கு. கொடுங்க இங்க.”

சுற்றிக்கொண்டே இருந்தால் அவர் முகம் மாறிவிடும். வட்டுக்கும் சர்வருக்கும் பொதுவாக ஒரு ரகசியச் சொல் உண்டாம். அதில் ஓர் எழுத்து பிசகினாலும் சர்வர் கோபப்படாது, மறுக்காது. கேள்வியைப் பேசாமல் தூக்கிப் போட்டுவிடும். பட்டியலில் இல்லாத வட்டு கேட்டாலும் அப்படித்தான். “செத்த பொணம் மாதிரி இருக்கும் ஸார். கேட்டவனுக்கு என்ன தப்புன்னே தெரியாது. கேட்டுக்கிட்டே கெடப்பான்” என்பார். இதைச் சொல்லும்போது குரலில் ஒரு வெறுப்பு இருக்கும். இயந்திரத்தின் மேல் அவ்வளவு வெறுப்பு எதற்கு என்று ஒரு நாள் கேட்டேன்.

அவருக்கு எட்டு வயதில் அப்பா சூரத்துக்கு வேலைக்குப் போனார். கடிதம் இல்லை, பணம் இல்லை, செத்தார் என்ற தகவலும் இல்லை. அம்மா சாகும்வரை கதவுக்கு உள்தாழ்ப்பாள் போடாமல் தூங்கினாள். “வரமாட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருந்தா, எங்கம்மா மறுநாளே கண்ணைத் தொடச்சுட்டு வேலைக்குப் போயிருப்பா ஸார்.” 

வட்டு எவ்வளவு நேரம் பதிலுக்குக் காத்திருக்க வேண்டும் என்று அதற்குள் ஒரு கணக்கு உண்டு. ஐந்து விநாடி, அதுவும் மூன்று தடவை கேட்டுப் பார்க்கும். அவர் அந்த வருஷம் மூன்றாம் மாடியில் புது வட்டுகளை மாட்டியபோது அதை இரண்டு விநாடி, ஒரே தடவை என்று குறைத்துவிட்டார். “ரெண்டு விநாடியில வராத பதில் வராது ஸார். சும்மா எதுக்குச் சுத்த விடணும்?” வேலை செய்தது. மூன்றாம் மாடி வேகமாக இருக்கிறது என்று பேர்கூட வாங்கியது. பக்கத்து மேஜை மராட்டிக்காரப் பையன்கள் அவரைத் ‘தோ செகண்ட் அண்ணா’ என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். நான் மனதுக்குள் இரண்டு விநாடிக்காரர் என்று வைத்துக்கொண்டேன்.

வீட்டில் அவரும் தங்கையும்தான். தங்கை வாஷியில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தாள். ஆனி மாதக் கடைசியில் பாண்டுப்பிலிருந்து ஒரு குடும்பம் வந்து அவளைப் பார்த்துவிட்டுப் போனது. அவர்களும் திருநெல்வேலிப் பக்கம்தான். கலந்து பேசிச் சொல்லி அனுப்புகிறோம் என்று சொல்லிப் போனார்கள். ஆடி பிறந்தது. சத்தமே இல்லை.

“ரிங் போகுது ஸார். எடுக்க மாட்டேங்காங்க” என்றார் ரயிலில். “வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லட்டுமே. யார் அடிக்கப் போறா?”

“ஆடியோன்னோ இது. ஆடியிலே சம்பந்தத்தைப் பத்தி யாரும் வாயைத் திறக்கமாட்டா. ஆவணி பொறக்கட்டும்.”

“ஆடியில பேசமாட்டோம்னு ஒரு வார்த்தை சொல்லலாம்லா?”

“அதை யாரும் சொல்லமாட்டாளே. எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே.”

“எனக்குத் தெரியாதே ஸார். எங்க வீட்ல இதெல்லாம் சொல்ல ஆளேது?”

சயான் வந்துவிட்டது. இறங்கிப் போனார். அது வெள்ளிக்கிழமை. அடுத்த திங்கள், ஜூலை இருபத்தொன்பது, என்னைப் பார்த்ததுமே சொன்னார்: “போயிட்டு வந்துட்டேன் ஸார். பாண்டுப். நேத்து.”

“ஆடியிலயா?”

“அந்தப் பெரியவரு நல்ல மனுஷன். சட்டைகூடப் போடல, பேப்பர் பார்த்துக்கிட்டு இருந்தாரு. என்னைப் பார்த்ததும் பதறி எந்திரிச்சாரு. ‘தம்பி, ஆடி கழியட்டும்யா’ன்னாரு. ‘ஐயா, ஆமாவா இல்லையா, அது மட்டும் போதும்’னேன். ‘இப்பவே சொல்லணுமா?’ன்னாரு. ‘ஆமா’ன்னேன். பேப்பரை மடிச்சு வச்சாரு. ‘இப்பவே சொல்லணும்னா இல்லைன்னுதான் சொல்லணும்’னுட்டாரு. காப்பி குடிச்சுட்டு, கும்பிட்டுட்டு வந்துட்டேன்.”

“அவர் சொன்னதுக்கு அப்படியா அர்த்தம்?”

“இல்லைன்னுதானே ஸார் சொன்னாரு? விடுங்க. முடிஞ்சுது. இனி வேற இடம் பாக்கலாம்.” குதிகால் தட்டவில்லை. நிம்மதியாக இருந்தார்.

“தங்கச்சி என்ன சொன்னா?”

“ஒண்ணும் சொல்லல” என்றார். குதிகால் மறுபடி தட்ட ஆரம்பித்தது.

அந்த வாரம் முழுக்க மழை. அடுத்த செவ்வாய்க்கிழமை காலை மூன்றாம் மாடியில் யாருக்கும் வயர்லெஸ் வரவில்லை. முதல் மாடியும் இரண்டாம் மாடியும் மந்தமாக இருந்தாலும் ஓடிக்கொண்டிருந்தன. அவர் ஒவ்வொரு மேஜையாகப் போய், “கலத் போல் ரஹா ஹை, யா கூம் ரஹா ஹை?” என்று அதே கேள்வியை இந்தியில் கேட்டார். எல்லோருக்கும் சுற்றிக்கொண்டிருந்தது.

ரகசியச் சொல்லைத்தான் முதலில் சந்தேகப்பட்டார். அழித்துவிட்டு இரண்டு பக்கமும் மறுபடி அடித்தார். மாற்றமில்லை. பட்டியலில் வட்டுகளின் முகவரி இருக்கிறதா என்று பார்த்தார். இருந்தது. சான்றிதழ் காலாவதியாகவில்லை, கடிகாரங்கள் ஒத்துப்போயின. மேலாளர் வந்து வாட்சைத் தட்டிக் காட்டிவிட்டுப் போனார். மதியச் சாப்பாட்டு வேளையில் நான் தயிர் சாத டப்பாவோடு அவர் அறைக்குப் போனேன். வட்டு கேட்பதை ஒரு பக்கமும் சர்வர் சொல்வதை இன்னொரு பக்கமும் வைத்து, இரண்டு திரைகளில் பார்த்துக்கொண்டிருந்தார். முதல் முறையாக அவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன்.

“கண்டுபிடிச்சாச்சா?”

“பதில் சொல்லியிருக்கு ஸார்.”

“எது?”

“சர்வர். செத்துப்போச்சுன்னு நினைச்சேன். ஒவ்வொருத்தர் பேருக்கும் ‘விடு, விடு’ன்னு சொல்லியிருக்கு. மழையில புனே லைன் இழுக்குது. அங்க கேட்டு வாங்கிச் சொல்ல மூணு விநாடி ஆகுது. நம்ம வட்டு ரெண்டு விநாடியில கதவைச் சாத்திட்டுப் போயிருது.” திரையில் விரலை வைத்தார். “இந்தா, இதுக்கு வந்திருக்கு. இதுக்கும். எல்லாத்துக்கும் ஆமான்னுதான் வந்திருக்கு. வாங்கிக்கிட ஆளில்ல.”

“அப்போ நேரத்தைக் கூட்டினா சரியாயிடும்.”

“சரியாயிரும்” என்றார். ஆனால் கூட்டவில்லை. வெளியே பையன்கள் கதவைத் தட்டி, “தோ செகண்ட் அண்ணா, கித்னே செகண்ட் அவுர்?”, இன்னும் எத்தனை விநாடி என்று கேலி செய்துகொண்டிருந்தார்கள். அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.

“ஆவணி என்னைக்கு ஸார் பொறக்கு?”

“பதினேழு. சனிக்கிழமை.”

தலையை ஆட்டினார். பிறகு கணக்கை மாற்றினார். மூன்றாம் மாடியில் ஒரே நேரத்தில் பல மொபைல்கள் கிணுகிணுத்தன. ஆரம்பத்தில் நான் எடுத்தெழுதிய குறிப்பை அவர் அப்போதுதான் அடித்தார். வழக்கமாக அவர் எழுதுவது ‘சரிசெய்யப்பட்டது’ என்ற ஒரே சொல்தான்.

அந்த வாரமே தங்கை வீட்டை விட்டுப் போய்விட்டாள். வாஷிக்குப் பக்கத்தில் சான்பாடாவில் உடன் வேலை பார்க்கும் பெண்ணின் அறைக்கு. சண்டை எதுவும் நடக்கவில்லை. அவர் வேலைக்குப் போயிருந்தபோது ஒரு பையோடு போயிருக்கிறாள். சாவியைப் பக்கத்து மளிகைக் கடையில் கொடுத்திருக்கிறாள். அண்ணன் கூப்பிட்டால் போனை எடுப்பதில்லை. அவர் கேட்டுக்கொண்டதால் நான் கூப்பிட்டேன். எடுத்தாள்.

“அந்த இடம் போச்சேன்னு நான் அழல ஸார்” என்றாள். “என்கிட்ட எப்படிக் கேட்டான் தெரியுமா? நான் கரண்டியும் கையுமா சோறு போட்டுக்கிட்டு இருக்கேன். ‘அந்தப் பையனைப் பிடிச்சிருக்கா? ஆமாவா, இல்லையா?’ன்னான். நான் தட்டுல குழம்பை ஊத்துறதுக்குள்ள, ‘சரி, பதில் இல்ல’ன்னு எந்திரிச்சுட்டான். மறுநாள் பாண்டுப் போயிட்டான். ஒரு பொண்ணு யோசிச்சுச் சொல்லக்கூடாதா ஸார்?”

“நீ என்ன சொல்றதா இருந்தேம்மா?”

எதிர்முனையில் மின்விசிறியை அணைக்கும் சத்தம் கேட்டது.

“இப்ப நீங்களும் உடனே கேக்கீங்க பாருங்க” என்றாள். சிரித்தாள் போலிருந்தது. “புடிச்சுத்தான் இருந்துது. இதை அவன்கிட்ட சொல்லாதீங்க. நானே சொல்லுதேன், எனக்குத் தோணும்போது.”

நான் சொல்லவில்லை.

ஆவணி முதல் தேதி அவர் விடுப்பு எடுத்தார். எங்கே போனீர்கள் என்று திங்கட்கிழமை கேட்டேன்.

“சான்பாடா. அவ பில்டிங் கீழ நின்னேன்.”

“மேலே போகலையா?”

“இல்ல.”

“போன்?”

“பண்ணல. காலையில போனேன், இருட்டுற வரைக்கும் நின்னேன். அவளா வரட்டும்னு.”

“பாண்டுப்புக்கு ஒரு தடவை பேசிப் பாருங்களேன். ஆவணிதான் பொறந்தாச்சே.”

அவர் தலையசைத்த விதம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. வேண்டாம் என்றா, பார்க்கலாம் என்றா என்று சொல்ல முடியாத ஓர் அசைவு. அவரிடம் அதற்கு முன் நான் அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை.

பிறகு அவர் யாரையும் எதையும் கேட்பதை விட்டுவிட்டார். ரயிலில் பெஞ்சு முன்னால் போய் நிற்பதில்லை. எல்லா மாடிகளிலும் காத்திருக்கும் நேரத்தைக் கூட்டிக்கொண்டே போனார். புனே லைன் அறுந்து பதிலே வராத நாட்களில்கூட எல்லோரும் ஒரு நிமிஷம் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியிருந்தது. மேலாளர் ஒரு நாள் அறை வாசலில் நின்று, “யோவ், உன் வைஃபை என்னை உள்ள விடுமா விடாதா? ஆமாவா, இல்லையா?” என்று அவருடைய பேச்சையே திருப்பிச் சொன்னார். எல்லோரும் சிரித்தோம். அவர் மட்டும், “கொஞ்சம் பொறுங்க ஸார், இன்னும் வரலாம்” என்றார். சிரிப்பு அப்படியே நின்றுபோயிற்று.

அடுத்த பொங்கலுக்கு முன் வேலையை விட்டார். நவி மும்பையில் வேறு வேலை. தங்கை இருக்கும் பக்கம். அவள் பேசுகிறாளா என்று கேட்டால், “இருக்கா ஸார், நல்லா இருக்கா” என்பார். கேட்டதற்கு அது பதிலாகாது என்று அவருக்கே தெரியும்.

அவர் விட்டுப்போன, கேபிள் நுனியில் பிளக் பொருத்தும் கருவி ஒன்று என் மேஜையில் கிடந்தது. நான் ஓய்வு பெற்ற மாதத்தில் அதை எடுத்துக்கொண்டு தாராவி வீட்டுக்குப் போனேன். வீட்டில் வேறு யாரோ குடியிருந்தார்கள். சந்து முனையில் அதே மளிகைக் கடை. கடைக்காரர் என்னை உட்காரச் சொன்னார்.

“கம்ப்யூட்டர் தம்பியைத் தேடி யாராவது வந்துக்கிட்டேதான் இருக்காங்க” என்றார். “அந்தப் பிள்ளை சாவி கொடுத்துட்டுப் போன கொஞ்ச நாள்ல ஒரு பெரியவர் வந்தாரு. வெள்ளை வேட்டி. கையில பை. பையில பூவும் பழமும் தெரிஞ்சுது. வீடு பூட்டிக் கெடக்கவும் இந்த ஸ்டூல்லதான் உக்காந்திருந்தாரு. ரொம்ப நேரம் பார்த்தாரு.”

“என்னைக்குன்னு ஞாபகம் இருக்கா?”

“ஆவணி பொறந்த புதுசுன்னு நினைக்கேன். ஒண்ணாந்தேதியான்னு கேட்டா சத்தியம் பண்ண முடியாது.”

“பேர் சொன்னாரா? எந்த ஊர்?”

“கேக்கல. தம்பிகிட்ட சொல்லுதேன்னேன். ‘வேண்டாம், நாங்களே பேசிக்கிடுதோம்’னாரு. போகும்போது கல்யாண் பக்கம் போற வண்டி எந்தப் பிளாட்பாரம்னு மட்டும் கேட்டாரு. நானும் வியாபாரத்துல மறந்துட்டேன்.”

சயானிலிருந்து கல்யாண் போகிற வழியில்தான் பாண்டுப் இருக்கிறது. அதே வழியில் இன்னும் எத்தனையோ ஸ்டேஷன்களும் இருக்கின்றன. வேட்டி கட்டி, பூவும் பழமும் வாங்கிக்கொண்டு, தாராவிக்கு யார் யாரையோ பார்க்க எத்தனையோ பெரியவர்கள் வருகிறார்கள். உறுதியாகாததை நான் எழுதுவதுமில்லை, சொல்வதுமில்லை. ஆனால் இதைச் சொல்லாமல் வைத்துக்கொள்ள என்னால் முடியவில்லை. கடைக்காரர் சொன்னதைச் சொன்னபடியே, ‘உறுதி செய்யப்படவில்லை’ என்று முதல் வரியிலேயே போட்டு, அவருக்கு வாட்ஸாப்பில் அனுப்பினேன். பாண்டுப் முகவரியைக் கொடுத்தால் நானே போய் விசாரித்து வருகிறேன் என்றும் எழுதினேன்.

பதில் மூன்றாவது நாள் வந்தது. முகவரி அதில் இல்லை.

“பார்த்தேன் ஸார். தங்கச்சிக்கும் அனுப்பியிருக்கேன். அவ இன்னும் ஒண்ணும் சொல்லல. அவசரமில்ல.”

மளிகைக் கடை ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவர் பாண்டுப்பிலிருந்து வந்தவர்தானா என்பது, இதை எழுதும் இன்றுவரை எனக்கு உறுதியாகவில்லை.